நான்கு சாட்சிகள் எங்கே?

இரண்டு மிட்டாய்கள். ஒன்றில் தாள் சுற்றியிருக்கிறது, அருகில் ஒரு பூச்சியும் இல்லை. மற்றதில் தாள் பிரிந்து கிடக்கிறது, ஈ மொய்க்கிறது. முதலாவதன் கீழே பர்தா அணிந்த பெண் என்றும், இரண்டாவதன் கீழே அணியாத பெண் என்றும் எழுதியிருக்கும். பல மொழிகளில் பல ஆண்டுகளாகச் சுற்றிவரும் இந்தப் படம் தமிழ் முஸ்லிம்களின் வாட்ஸ்அப் குழுக்களுக்கும் நன்கு பழக்கமானது. அதற்கு உறவுக்காரப் படங்களும் உண்டு: சிப்பிக்குள் முத்து, பெட்டிக்குள் வைரம், தோல் உரிக்காத பழம். முத்து என்று உயர்த்தித்தானே சொல்கிறார்கள், இதில் என்ன குறை என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். முத்துக்கும் மிட்டாய்க்கும் உடைமைக்காரர் ஒருவர் உண்டு. அவற்றுக்கு விருப்பு வெறுப்பு கிடையாது, யாரையும் எதிர்த்துக் கேள்வி கேட்காது. ஆணுக்கு அந்தப் படத்தில் கிடைத்திருப்பதோ ஈயின் இடம். மொய்ப்பது ஈயின் இயல்பு. அதை யாரும் தண்டிப்பதில்லை. பெண்ணுக்கு அறிவில்லை, ஆணுக்குப் பொறுப்பில்லை என்று ஒரே படத்தில் சொல்லிவிட்டு அதற்கு மார்க்கப் பிரச்சாரம் என்று பெயரிடுவதை நாம் கண்டிக்கிறோம்.

பர்தாவையோ ஹிஜாபையோ இந்தத் தலையங்கம் எதிர்க்கவில்லை. உடுத்துகிறவருக்கே அதில் உரிமை. 2019 பிப்ரவரியில் ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்தின் பத்தாண்டு விழா மேடைக்கு ஏ.ஆர்.ரஹ்மானின் மகள் கதீஜா முகத்தை மூடிய உடையில் வந்தார். தகப்பன் மகளை அடக்கி வைத்திருக்கிறார் என்று ஒரு கூட்டம் எழுதித் தள்ளியது. இது என் சொந்த முடிவு என்று கதீஜா பதில் சொன்னார். ஒரு மகள் முகம் மூடியும், மனைவியும் இன்னொரு மகளும் மூடாமலும் நிற்கும் படத்தை வெளியிட்ட ரஹ்மான், தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் என்று அதற்குக் குறிப்பெழுதினார். அடுத்த ஆண்டு எழுத்தாளர் தஸ்லிமா நஸ்ரின் அதே உடையைப் பார்த்து மூச்சு முட்டுகிறது என்று எழுதியபோதும் கதீஜா நிமிர்ந்தே பதில் சொன்னார். அந்தக் கதீஜாதான் பாடுகிறார். 2024-இல் ஹலிதா ஷமீம் இயக்கிய ‘மின்மினி’க்கு இசையமைத்தார். பர்தாவைக் கண்டாலே அடிமை என்று முடிவு கட்டுகிறவர்களின் படத்திலும் அவர் அடங்கவில்லை, பாடும் பெண்ணை வழிதவறியவள் என்று சொல்கிறவர்களின் படத்திலும் அடங்கவில்லை. உயிருள்ள மனுஷி எந்தப் படத்திலும் முழுதாக அடங்குவதில்லை.

நாம் எழுதுவது வேங்கிக்காலில் இருந்து. திருவண்ணாமலை மாவட்டத்தின் ஆட்சியர் அலுவலகம் இங்கேதான் இருக்கிறது. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மாவட்டத்தின் நாலா பக்கங்களிலிருந்தும் வரும் சனங்களுக்கு நடுவில் புர்கா அணிந்த பெண்களும் மனுவோடு நிற்கிறார்கள். வீட்டுமனைப் பட்டா, கைம்பெண் உதவித்தொகை, மகளின் கல்லூரிக் கட்டணம், கணவன் விட்டுப் போனபின் ரேஷன் அட்டையில் தனிப் பெயர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பாடு. ஆதரவற்ற முஸ்லிம் பெண்களுக்குக் கைத்தொழில் உதவி செய்வதற்கென்றே மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் முஸ்லிம் மகளிர் உதவும் சங்கம் என்று ஒன்றை அரசு வைத்திருக்கிறது. அப்படி ஒரு சங்கம் தேவைப்பட்டதே இந்தப் பெண்களின் நிலைக்குச் சாட்சி. இவர்களில் யாரும் பெட்டிக்குள் இருக்கும் வைரம் இல்லை. இரவு வரை தையல் எந்திரம் மிதிக்கிறவர்கள், பீடி சுற்றுகிறவர்கள், பிள்ளையின் சாதிச் சான்றிதழுக்காக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குகிறவர்கள். கைபேசித் திரையில் மார்க்கத்தின் பெயரால் வரையப்படும் பெண்ணுருவைத் தேடிப் பாருங்கள். முகமில்லாத ஒரு கறுப்பு நிழலுருவம் இருக்கும், கீழே சொர்க்கத்தின் ராணி என்றிருக்கும். இல்லையென்றால் ஆணைக் கெடுக்க வந்த ஃபித்னா, அதாவது சோதனை, இருப்பாள். மனுவோடு நிற்கும் பெண் அதில் எங்கும் இருக்க மாட்டாள்.

படங்களோடு இது நின்றுவிட்டால் கருத்துப் பிழை என்று சொல்லித் திருத்தலாம். நிற்பதில்லை. பொதுவாகப் பெண் என்று பேசிப் பழகிய வாய், ஒருநாள் ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லத் தொடங்குகிறது.

இலங்கையின் கிழக்கே, மட்டக்களப்பு மாவட்டம் ஏறாவூரைச் சேர்ந்த எழுத்தாளர் ஸர்மிளா ஸெய்யித்துக்கு நடந்ததைத் தமிழ் வாசிக்கும் எவரும் மறக்கக்கூடாது. 2012 நவம்பரில் பிபிசி தமிழோசைக்கு அவர் ஒரு பேட்டி கொடுத்தார். பாலியல் தொழிலைச் சட்டபூர்வமாக்கினால் அதில் இருக்கும் பெண்களுக்கு ஓரளவு பாதுகாப்புக் கிடைக்கும் என்றார். இது ஒரு கருத்து. மறுத்து எழுதலாம், மேடை போட்டு வாதாடலாம். நடந்தது அதுவல்ல. மன்னிப்புக் கேள் என்று மிரட்டினார்கள். சொந்த ஊரில் அவர் நடத்திவந்த ஆங்கிலக் கல்வி நிலையம் தாக்கப்பட்டது. இருக்க முடியாமல் நாட்டைவிட்டு வெளியேறினார். 2014-இல் அவருடைய ‘உம்மத்’ நாவல் வந்தது. வசை மேலும் கூடியது. 2015-இல் அவர் வன்புணர்வு செய்யப்பட்டுக் கொல்லப்பட்டார் என்ற பொய்ச் செய்தி ஒரு பிணத்தின் படத்தோடு சமூக வலைத்தளங்களில் பரப்பப்பட்டது. உயிரோடு இருக்கும் ஒரு தாயின் மரணத்தை, அதிலும் இப்படியொரு மரணத்தை, யாரோ உட்கார்ந்து கற்பனை செய்து, படம் தேடி ஒட்டி, அனுப்பியிருக்கிறார்கள். பெற்றோரும் உடன்பிறந்தோரும் பார்ப்பார்களே என்ற ஈரம் அந்த விரலுக்கு இல்லை. பெற்றுக்கொண்டவர்களோ அடுத்த குழுவுக்கு அனுப்பினார்கள்.

அந்தப் பொய்யைச் செய்தவர் ஒருவராக இருக்கலாம். அதை நம்ப ஆசைப்பட்டவர்கள் பலர். எல்லை மீறிய பெண்ணுக்கு இதுதான் முடிவு என்ற கதையை ஆயிரம் மிட்டாய்ப் படங்கள் ஏற்கெனவே அவர்கள் மனத்தில் எழுதி வைத்திருந்தன. அதனால்தான் மிட்டாய்ப் படத்தை விளையாட்டு என்று நாம் விட்டுவிட மறுக்கிறோம்.

ஸர்மிளாவின் நாட்டில் 1951-ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தைத் திருத்தக் கோரி முஸ்லிம் பெண்கள் பல பத்தாண்டுகளாகப் போராடுகிறார்கள். மணமகள் தன் திருமணப் பதிவில் தானே கையொப்பமிட வேண்டும், திருமணத்துக்குக் குறைந்தபட்ச வயது வேண்டும், காதி நீதிமன்றத்தில் பெண்களும் நீதிபதியாக வேண்டும் என்பவை அவர்களின் கோரிக்கைகளில் முக்கியமானவை. இவற்றைக் கேட்டவர்களுக்கு வெளிநாட்டுப் பணத்தின் கைக்கூலிகள், மார்க்கத்தின் எதிரிகள் என்ற பட்டங்கள் கிடைத்தன. சொன்ன கோரிக்கைக்குப் பதில் வரவில்லை. சொன்னவளின் நடத்தையைப் பற்றித்தான் பேச்சு வந்தது.

கடல் கடந்து போக வேண்டியதில்லை. 2016 டிசம்பரில் கிரிக்கெட் வீரர் முகமது ஷமி மனைவியோடு எடுத்த படமொன்றை முகநூலில் போட்டார். மனைவியின் உடையில் கை மறைக்கப்படவில்லை என்று நூற்றுக்கணக்கானோர் கீழே வந்து பாடம் நடத்தினார்கள். 2017 ஜூலையில் இர்ஃபான் பதான் போட்ட படத்தில் அவர் மனைவி தன் முகத்தைக் கையால் மறைத்திருந்தார். அது போதவில்லை, நகத்தில் சாயம் பூசியிருக்கிறாரே என்றார்கள். ஒரு பெண் முழுதாக மறைந்தபின்னும் விரல்நுனியைத் தேடிப் பிடிக்கிற கண், பார்வையைத் தாழ்த்தச் சொல்லும் மார்க்கத்தின் கண்ணாக எப்படி இருக்க முடியும்? இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த வசைகள் அந்தப் பெண்களை நோக்கி எழுதப்படவே இல்லை. கணவனை நோக்கி எழுதப்பட்டன. உன் மனைவியை அடக்கு, உனக்கு வெட்கமில்லையா, மறுமையில் நீ பதில் சொல்ல வேண்டும். மனைவிக்கு ஒரு பெயரும் சொந்தமாக ஒரு மனமும் உண்டு என்பதே எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை. பூட்டாத வண்டியை நிறுத்திவிட்டுப் போனவரைக் கண்டிப்பதுபோல் கணவர்களைக் கண்டித்தார்கள்.

கேரளத்தில் நடந்தவற்றைத் தொடர்ந்து பார்த்தால் இது எப்படி வளர்கிறது என்பது புரியும். 2017 டிசம்பர் தொடக்கத்தில் எய்ட்ஸ் விழிப்புணர்வுக்காக மலப்புறத்தில் மூன்று மாணவிகள் தலையை மறைத்த உடையோடு தெருவில் ஆடினார்கள். அந்தக் காணொளி பரவியதும் அந்தப் பிள்ளைகளைப் பற்றி வாயில் வராத சொற்களெல்லாம் எழுதப்பட்டன. மாநில மகளிர் ஆணையம் தானாக முன்வந்து வழக்குப் பதிந்தது. அடுத்த மார்ச்சில் ஒரு கல்லூரி ஆசிரியர், ஹிஜாபைச் சரியாக அணியாத மாணவிகளின் மார்பை, கீறிக் காட்டப்படும் தர்ப்பூசணியோடு ஒப்பிட்டுப் பேசிய ஒலிப்பதிவு வெளியே வந்தது. மாணவர்கள் தர்ப்பூசணியோடு தெருவில் இறங்கிப் போராடினார்கள், காவல்துறை வழக்குப் பதிந்தது. 2022 மே மாதம் மலப்புறம் மாவட்டத்து மேடையொன்றில் பத்தாம் வகுப்பு மாணவி பரிசு வாங்க வந்தபோது, பெண்பிள்ளையை மேடைக்கு அழைத்தது யார் என்று மூத்த மார்க்க அறிஞர் ஒருவர் ஒலிபெருக்கி முன்னாலேயே அமைப்பாளர்களைக் கடிந்துகொண்டார். பிள்ளையின் கூச்சத்தை எண்ணித்தான் அப்படிச் சொன்னார் என்று அவருடைய அமைப்பு பின்னர் விளக்கியது. கூச்சமுள்ள பிள்ளையை நாடே பார்க்கும்படி கூச வைத்தது அந்தப் பேச்சு.

2025-இன் தொடக்கத்தில் நடந்தது இன்னும் வேதனையானது. 55 வயது கைம்பெண் ஒருவர், வாழ்நாளெல்லாம் உழைத்துப் பிள்ளைகளை ஆளாக்கியவர், மகளோடு மணாலிக்குப் போய்ப் பனியில் விளையாடினார். அந்தக் காணொளியைப் பார்த்து உலகம் மகிழ்ந்தது. ஒரு மார்க்கப் பேச்சாளரோ, கணவனை இழந்தவள் வீட்டு மூலையில் உட்கார்ந்து திக்ரு (இறைநினைவு) ஓதாமல் பனி பார்க்கப் போனாளே என்று மேடையில் பேசினார். அந்தப் பேச்சும் காணொளியாகிப் பரவியது. அந்தத் தாய் வெளியே தலைகாட்ட முடியாத அளவுக்கு நொந்துபோனதாக மகள் சொன்னார். அந்தம்மா செய்த பாவம் என்ன? குடித்தாரா, திருடினாரா, பிறர் குடியைக் கெடுத்தாரா? சிரித்தார். அவ்வளவுதான்.

இப்படிப் பேசுகிறவர்களை அவர்கள் கையில் ஏந்தியிருக்கும் வேதத்தின் முன்னாலேயே நிறுத்துவோம். திருக்குர்ஆனின் 24-ஆம் அத்தியாயம் அந்நூர். அதன் 30-ஆம் வசனம் முதலில் பேசுவது ஆண்களிடம்: பார்வையைத் தாழ்த்திக்கொள்ளும்படி. பெண்களுக்கான வசனம் அதற்கு அடுத்ததாகத்தான் வருகிறது. சமூக வலைத்தளப் பிரச்சாரத்தில் 31-ஆம் வசனத்தைப் பார்க்கும் அளவுக்கு 30-ஆம் வசனத்தைப் பார்க்க முடிவதில்லை. அதே அத்தியாயத்தின் 4-ஆம் வசனம், ஒழுக்கமுள்ள பெண்கள் மீது பழி சுமத்திவிட்டு நான்கு சாட்சிகளைக் கொண்டுவராதவர்களுக்கு 80 கசையடி என்றும், அவர்களின் சாட்சியத்தை இனி ஒருபோதும் ஏற்கக்கூடாது என்றும் விதிக்கிறது. இந்த அத்தியாயத்தின் பின்னணி எந்த ஆலிமுக்கும் தெரியும். பயணத்தில் கழுத்துமாலையைத் தேடப் போய்ப் பின்தங்கிவிட்ட அன்னை ஆயிஷா, ஒட்டகத்தில் அவரை ஏற்றி அழைத்துவந்த ஓர் இளைஞரோடு சேர்த்து மதீனாவில் பேசப்பட்டார். நபியின் மனைவியே ஒரு மாத காலம் ஊர்வாயில் கிடந்து அழுதார். அவர் குற்றமற்றவர் என்று இறைவசனம் இறங்கியதாக முஸ்லிம்கள் நம்புகிறார்கள். கேள்விப்பட்டதும் இது அப்பட்டமான அவதூறு என்று ஏன் சொல்லவில்லை என்று அந்த வசனங்கள் கண்டிப்பது பழியை இட்டுக்கட்டியவர்களை மட்டுமல்ல. காதில் வாங்கி வாயால் கடத்தியவர்களையும்தான்.

ஃபார்வர்டு செய்வது என்று இன்று நாம் சொல்வது அதைத்தான். ஏறாவூர்ப் பெண்ணின் பொய்ப் பிணப்படத்தை அனுப்பியவர்களிடம் நான்கு சாட்சிகள் இருந்தார்களா? கல்லூரிக்குப் போகும் பக்கத்துத் தெருப் பெண்ணின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைப் படம் பிடித்து, இவள் யாரோடு சுற்றுகிறாள் தெரியுமா என்று குழுவில் போடுகிறவரிடம் ஒரு சாட்சியாவது இருக்கிறதா? மார்க்கத்தின் பெயரால் பெண்ணை அவதூறு செய்கிறவர், அந்த மார்க்கத்தின் சட்டப்படியே சாட்சி சொல்லும் தகுதியை இழந்தவர். இது நம்முடைய தீர்ப்பு இல்லை, அவர் ஓதுகிற நூலின் தீர்ப்பு.

உங்கள் மதத்தில் நடப்பதைப் பேசாமல் எங்களிடம் ஏன் வருகிறீர்கள் என்று சில சகோதரர்கள் கேட்கக்கூடும். கோயில் நகரத்திலிருந்து எழுதும் ஏட்டைக் கேட்க அவர்களுக்கு எல்லா உரிமையும் உண்டு. அதையும் பேசுவோம். 2021 ஜூலையிலும் 2022 புத்தாண்டு நாளிலும் முஸ்லிம் பெண்களின் படங்களைத் திருடி, ஏலத்துக்கு என்று இணையத்தில் போட்ட கொடுமை இந்த நாட்டில் நடந்தது. பத்திரிகையாளர்கள், காணாமல்போன மகனுக்காகப் போராடும் முதிய தாய் என நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் முகங்கள், இவற்றில் இரண்டாவதாக வந்த புல்லி பாய் என்ற செயலியில் இருந்தன. பிடிபட்டவர்கள் இருபது வயதை ஒட்டிய பிள்ளைகள். அதைச் செய்தது முஸ்லிம் வெறுப்பு. அந்தக் குற்றத்தை வேறு எந்தக் குற்றத்தோடும் சமன்படுத்தி நாம் சிறிதாக்க மாட்டோம். 2022-இல் கர்நாடகக் கல்லூரிகளின் வாசலில் ஹிஜாபுக்காகப் பெண்பிள்ளைகளின் படிப்பு நின்றபோது அதுவும் அநீதியே. அந்த வழக்கில் 2022 அக்டோபர் 13-இல் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் ஒருமித்த முடிவுக்கு வர முடியவில்லை. அந்த நாட்களில் மாண்டியா கல்லூரி வளாகத்தில் காவித்துண்டு இளைஞர்கள் சூழ்ந்தபோது தனியாக எதிர்த்துக் குரல் கொடுத்த மாணவியின் படம் உலகமெங்கும் போனது. அல்-காய்தா தலைவர் அய்மன் அல்-ஜவாஹிரி அவரைப் புகழ்ந்து காணொளி வெளியிட்டார். எங்களுக்கு இது வேண்டாம், நாங்கள் இங்கே நிம்மதியாக வாழ்கிறோம் என்று மாணவியின் தந்தை சொல்லிவிட்டார். மகள் கேட்டது வகுப்பறையில் ஓர் இடம். அவள் படத்தை எடுத்துக்கொண்டவர்கள் எல்லாரும் அவளை வேறு எதற்கோ பயன்படுத்தினார்கள்.

வெளியே இருந்து இப்படித் தாக்கப்படும் பெண்ணுக்கு வீட்டுக்குள்ளாவது நிம்மதி வேண்டாமா? புல்லி பாய் கொடுமையை எதிர்த்துக் கொதித்த அதே கைபேசியில் மிட்டாய்ப் படமும் இருந்தால் அந்தக் கொதிப்புக்கு என்ன பொருள்? ஏலம் போட்டவனும் தாள் சுற்றியவனும் பெண்ணை ஒரு சரக்காகத்தான் பார்த்தார்கள்.

இதற்கு வேகம் கொடுப்பது சமூக வலைத்தளத்தின் வணிகம். ஒரு மணி நேர பயானில் (மார்க்கச் சொற்பொழிவில்) ஆலிம் ஒருவர் கணவனின் கடமைகளைப் பற்றி நாற்பது நிமிடம் பேசியிருப்பார். அதில் பெண்ணைக் கண்டிக்கும் முப்பது விநாடியை மட்டும் வெட்டி, பின்னணியில் இசைக்கருவி இல்லாத சோக ஓசையைச் சேர்த்து ரீல்ஸாகப் போடுவார் யாரோ ஒருவர். பார்வை குவிவது அதற்குத்தான். கோபத்தையும் வெட்கத்தையும் கிளறும் காணொளியே மேலும் மேலும் பலருக்குக் காட்டப்படுகிறது. அமெரிக்க, பிரிட்டன் இளைஞர்களிடம் பெண் வெறுப்பை விற்றுப் புகழடைந்த ஆண்ட்ரூ டேட் 2022 அக்டோபரில் இஸ்லாத்தைத் தழுவியதாக அறிவித்ததும் அவருடைய பேச்சுத் துண்டுகளைத் தீனின் குரலாகப் பகிர்ந்த முஸ்லிம் இளைஞர்கள் ஏராளம். அதே ஆண்டு டிசம்பரில் ருமேனியாவில் அவர் கைதானார். 2023-இல் மனிதக் கடத்தல், வன்புணர்வுக் குற்றச்சாட்டுகள் பதிவாயின. அவர் மறுக்கிறார், வழக்கு அதன் போக்கில் போகட்டும். பதினான்கு நூற்றாண்டு மார்க்கம் ஒன்று, ஆண்மையைக் கற்க அப்படிப்பட்ட ஒருவரிடம் போக வேண்டிய தேவை என்ன என்பதே நம் கேள்வி. 2024 அக்டோபரில் பாகிஸ்தான் சென்ற மார்க்கப் பேச்சாளர் ஜாகிர் நாயக், மணமாகாத பெண்ணுக்கு ஏற்கெனவே மணமான ஒருவரை மணப்பது அல்லது பொதுச்சொத்தாவது என்ற இரண்டு வழிகளே இருப்பதுபோலப் பேசினார். அந்த நாட்டிலேயே பெண்களும் ஆண்களும் அவரைக் கண்டித்தார்கள். நம் ஊர் மேடைகளில் அந்தக் கண்டனம் ஒலித்திருக்க வேண்டும்.

தமிழ் முஸ்லிம் சமூகத்துக்கு இந்த மிட்டாய்ப் படம் பொருந்தவே இல்லை என்பதுதான் பெரிய வருத்தம். நாகூரிலிருந்து சித்தி ஜுனைதா பேகம் ‘காதலா கடமையா’ நாவலை வெளியிட்டது 1938-இல். 1955-இல் சென்னையில் நீதிபதி பஷீர் அகமது சயீத் பெண்களுக்கென்று கல்லூரி தொடங்கினார். நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் முதன்முதலாக நீதிபதியாக அமர்ந்த பெண் ஃபாத்திமா பீவி, 1989-இல். பின்னால் நம் மாநிலத்துக்கே ஆளுநராக வந்தார். துவரங்குறிச்சியில் பருவம் எய்தியதும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டு வீட்டுக்குள் வைக்கப்பட்ட சல்மா, ஒளித்து ஒளித்து எழுதிக் கவிஞரானார், பேரூராட்சித் தலைவரானார், 2025-இல் மாநிலங்களவைக்குப் போனார். செங்கோட்டையில் பிறந்த நிகர் ஷாஜி இயக்கிய ஆதித்யா எல்-1 விண்கலம் 2023 செப்டம்பர் 2-இல் சூரியனை ஆராயக் கிளம்பியது. இன்னும் பின்னோக்கிப் போனால், இந்தியாவில் பிறந்த அறிஞர் முகம்மது அக்ரம் நத்வி ஹதீஸ் கற்பித்த பெண்களின் வரலாற்றைத் தொகுக்கத் தொடங்கி 43 தொகுதிகள் வரை எழுத வேண்டியிருந்தது. அத்தனை பெண்கள் ஆண்களுக்கும் ஆசிரியர்களாக இருந்திருக்கிறார்கள். நபிக்கு வேலை கொடுத்த வணிகர் கதீஜா அம்மையாரைப் பற்றி நாம் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

மார்க்கப் பிரச்சாரம் எப்போதுமே இப்படி இருந்ததும் இல்லை. கேசட்டிலும் குறுந்தகட்டிலும் பயான் கேட்ட காலத்தில் வரதட்சணையை எதிர்த்து, மஹ்ர் (மணக்கொடை) கொடுத்து மணமுடி என்று முழங்கிய பேச்சாளர்களால் மனம் மாறிய இளைஞர்கள் தமிழ்நாட்டில் உண்டு. பெண்களுக்குப் பள்ளிவாசலில் தொழ இடம் கொடுத்ததும் அந்தப் பேச்சாளர்களின் தவ்ஹீத் (ஓரிறைக் கொள்கை) இயக்கங்கள்தான். 2020 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிராக இரவும் பகலும் தெருவில் உட்கார்ந்த பெண்களை, வீட்டுக்குப் போ என்று மார்க்கத்தின் பெயரால் யாரும் சொல்லி நாம் கேட்கவில்லை. உரிமைப் போராட்டத்துக்கு வரும்போது சிங்கப்பெண், பரிசு வாங்க வரும்போது ஃபித்னா என்றால் எது உண்மை?

பள்ளிவாசல் ஜமாஅத்துகளின் மௌனம் இதில் பெரிய குற்றம். ஆண்களே கூடி, வழக்குக் கொண்டுவந்த பெண்ணை வெளியே நிறுத்திவிட்டுத் தீர்ப்புச் சொல்லும் வழக்கத்தை எதிர்த்துத்தான் புதுக்கோட்டையில் ஷரீஃபா கானம் பெண்களுக்கென்று தனி ஜமாஅத் தொடங்கினார். காஜிகள் தலாக் சான்றிதழ் கொடுப்பதை எதிர்த்து வழக்கறிஞர் பதர் சயீத் போட்ட வழக்கில் 2017 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. 2007-இல் தக்கலையில் கவிஞர் எச்.ஜி.ரசூல், தான் எழுதிய கட்டுரை ஒன்றுக்காக ஊர்விலக்கம் செய்யப்பட்டார். எழுத்தைத் தண்டிக்கத் தெரிந்த அமைப்புக்கு, பெண்ணைப் பற்றிய பொய்யைத் தண்டிக்கத் தெரியாதா? ஊர்விலக்கம் யாருக்கும் வேண்டாம், அதை நாம் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை குத்பா உரையில் ஐந்து நிமிடம் கேட்கிறோம். மிம்பர் மேடையில் நின்று இமாம், பெண்ணின் படத்தையும் பெயரையும் கேவலமாகப் பரப்புவது அந்நூர் அத்தியாயம் கண்டிக்கும் பாவம் என்று சொன்னால் எந்தக் காவல்துறை அறிக்கையையும்விட அது பெரிய காவலாக இருக்கும்.

சட்டமும் தன் பங்கைச் செய்ய வேண்டும். தமிழ்நாடு பெண்கள் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1998-இல் வந்தது. இணையவழித் தொல்லையையும் சேர்த்து 2025-இல் திருத்தப்பட்டது. பாதிக்கப்பட்ட பெண் 181 என்ற மகளிர் உதவி எண்ணுக்கோ, 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கோ பேசலாம். புகார் கொடுக்க வரும் பெண்ணிடம், நீ ஏன் படம் போட்டாய் என்று முதல் கேள்வி கேட்கும் காவலர், மிட்டாய்ப் படத்தைக் காக்கிச் சட்டையோடு அனுப்புகிறவர்தான்.

நம் மாவட்டத்துப் பள்ளிவாசல் முத்தவல்லிகளிடமும் ஹஜ்ரத்மார்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறோம். ஆரணி, வந்தவாசி, செய்யாறு, திருவண்ணாமலை என எந்த ஊராக இருந்தாலும் அடுத்த ஜமாஅத் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போடுங்கள்: நான்கு சாட்சிகள் இல்லாமல் ஒரு பெண்ணின் ஒழுக்கத்தைப் பற்றி எழுதுகிறவரும், அதை அனுப்புகிறவரும் இந்தப் பள்ளிவாசல் நிர்வாகத்தில் எந்தப் பொறுப்பும் வகிக்க முடியாது. அந்தத் தீர்மானத்தை எழுதும் கூட்டத்தில் உங்கள் வீட்டுப் பெண்களையும் உட்கார வையுங்கள்.